எங்கும் இல்லாத ஊர்: கூட்டுவாழ்வு முயற்சிகள் குறித்து ஒரு நோக்கு

இங்கிலாந்து நாட்டு அறிஞர் தாமஸ் மோர் 1516ஆம் ஆண்டில் இலத்தீன் மொழியில் ஒரு நூலை வெளியிட்டார். தனியுடைமையே இல்லாத ஒரு தீவையும் அத்தீவு மக்களின் வாழ்க்கை முறையையும் விரித்துரைக்கும் அந்நூலுக்கு அவர் இட்ட பெயர் ‘உட்டோபியா’. கிரேக்க மொழி வேர்களிலிருந்து அவரே ஆக்கிக்கொண்ட அச்சொல்லுக்கு ‘எங்கும் இல்லாத ஊர்’ என்பது பொருள். இல்லாத ஊர் என்று பெயரிலேயே எச்சரித்திருந்தும், அதனைக் கட்டியே தீருவோம் எனப் புறப்பட்டோர் பலர். அவர்களுள் மிகுதியானோர் கடல் கடந்து சென்ற இடம் அமெரிக்கா.

ஆயினும், நல்ல நகரத்தைப் பற்றிய சிந்தனை ஐரோப்பாவுக்கே உரியதன்று. மோருக்கு ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே அறிஞர் அல்ஃபாராபி, சிறந்த நகரத்து மக்களின் கருத்துகளை ஆராய்ந்து அரபு மொழியில் ஒரு நூல் செய்தார். ஒரு நகரத்தின் உறுப்பினர் ஒருவர்க்கொருவர் துணைநின்று உண்மையான நன்மையை அடைய முயல்வதே அந்நகரின் சிறப்பு என்றார் அவர். நூலளவில் நின்றுவிடாத எடுத்துக்காட்டும் நமக்கு உண்டு. கி.பி. 622இல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனா சென்றடைந்த பின், உடைமைகளை மக்காவில் விட்டுவந்த முஹாஜிர்களையும் மதீனாவாசிகளாகிய அன்சார்களையும் இணையிணையாகச் சகோதரர் ஆக்கினார்கள். அன்சார்கள் தம் உடைமையைப் பங்கிட முன்வந்தனர். வீடற்றோர் பள்ளிவாசலின் ஒரு பகுதியில் தங்கி, கிடைத்ததைப் பகிர்ந்துண்டு கல்வி கற்றனர். அவர்களையே நாம் திண்ணைத் தோழர்கள் என்று போற்றுகிறோம். அபூஹுரைரா (ரலி) அவர்களும் அத்திண்ணையில் இருந்தவர்களே.

இனி அமெரிக்காவுக்கு வருவோம். அங்கு எழுந்த கூட்டுவாழ்வுக் குடியிருப்புகள் எண்ணிறந்தவை. அவற்றுள் இராபர்ட் ஓவன் நிறுவிய ‘நியூ ஹார்மனி’ முதலில் நோக்கத்தக்கது. ஓவன் ஸ்காட்லாந்து நாட்டில் பஞ்சாலை நடத்திப் பெரும்பொருள் ஈட்டியவர். தொழிலாளர் குழந்தைகளுக்குப் பள்ளி கண்டவர். இந்தியானா மாநிலத்தில் ஒரு ஜெர்மானியச் சமயக் குழுவினர் கட்டிமுடித்திருந்த ஊரை, வீடுகளும் வயல்களுமாக அப்படியே 1825இல் விலைக்கு வாங்கினார். அழைப்பு விடுத்த சில மாதங்களில் எண்ணூறுக்கும் மேற்பட்டோர் வந்து குவிந்தனர். அறிஞரும் வந்தனர், வேலை செய்ய விருப்பமில்லாதவரும் வந்தனர். உழைப்போர்க்கும் உழையாதோர்க்கும் ஒரே பங்கு என்றானபோது உழவரும் கைவினைஞரும் முகஞ்சுளித்தனர். சட்டதிட்டங்கள் மாறிக்கொண்டே இருந்தன. 1827இல் முயற்சி முடிவுற்றது. ஓவனின் செல்வத்தில் பெரும்பகுதியும் அதனோடு கரைந்தது. இத்தனைக்கும் ஊர் கட்டித் தந்த அந்தச் சமயக் குழுவினர் பத்தாண்டுக் காலம் அதே இடத்தில் குறைவின்றி வாழ்ந்தவர்கள் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

இன்னொன்றையும் ஈண்டுக் குறிக்க வேண்டும். இக்குடியிருப்புகள் எழுந்த நிலம் வெறுநிலமன்று. அமெரிக்கப் பழங்குடி மக்கள் ஒப்பந்தங்களாலும் படைவலியாலும் அகற்றப்பட்ட நிலம் அது. புதிய உலகம் காண வந்தோருள் பெரும்பாலோர் அதைப் பற்றி அதிகம் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஜார்ஜ் ரிப்ளி 1841இல் தொடங்கிய ‘புரூக் பண்ணை’ எழுத்தாளர்களின் பண்ணை எனலாம். நாவலாசிரியர் ஹாதார்ன் அங்குச் சில மாதங்கள் தங்கிச் சாணம் வாரினார். பகலெல்லாம் சாணம் வாரினால் இரவில் எழுத முடியாது என்பதைக் கண்டுகொண்டு வெளியேறினார். 1846இல் புதிதாக எழுப்பிய பெருங்கட்டடம் தீப்பற்றி எரிய, அடுத்த ஆண்டே பண்ணை கலைந்தது. பிரான்சன் ஆல்காட் 1843இல் கண்ட ‘புரூட்லேண்ட்ஸ்’ இன்னும் கடுமையான நோன்புடையது. அடிமைகள் விளைவித்தது என்பதால் பருத்தி ஆகாது; ஆட்டுக்குரியது என்பதால் கம்பளியும் ஆகாது. இவ்விரண்டும் இல்லாமல் அந்நாட்டுக் குளிரைத் தாங்குவது எங்ஙனம்? ஏழு மாதங்களில் அக்குடியிருப்பு மறைந்தது.

நீடித்தவையும் உண்டு. அயோவா மாநிலத்து ‘அமானா’ ஊர்கள் ஏழும் பொதுச் சமையற்கூடம், பொது வயல், பொது ஆலை என்று 1855 முதல் 1932 வரை வாழ்ந்தன. அவ்வாண்டு மக்களே வாக்களித்துப் பொதுவுடைமையைக் கைவிட்டுப் பங்குக் கம்பெனி ஆக்கிக்கொண்டனர். அவர்களின் பெயரால் பின்னர்க் குளிர்சாதனப் பெட்டிகள் விற்பனைக்கு வந்தன. இல்லறம் துறந்த ‘ஷேக்கர்’ குழுவினர் 1774இல் அமெரிக்கா வந்தவர்கள். அவர்கள் செய்த நாற்காலிகளும் அலமாரிகளும் இன்றும் அருங்காட்சியகங்களை அணிசெய்கின்றன. ஆனால் அக்குழுவில் எஞ்சியிருப்போர் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. சமயக் கட்டுப்பாடு உடையவை நீண்டன, அறிவுக் கொள்கையை மட்டும் நம்பியவை விரைவில் தளர்ந்தன என்பது வரலாற்றாசிரியர் பலரின் முடிபு. அதில் உண்மை உண்டு. ஆயினும் நீடித்ததா என்ற ஓர் அளவுகோலை மட்டும் கையிற்கொள்வது பொருந்துமா என்ற ஐயம் நமக்கு எழுகிறது. அதற்குக் காரணம் தமிழர் பங்கேற்ற ஒரு முயற்சி.

காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது, 1904இல் தொடர்வண்டிப் பயணத்தில் ரஸ்கினின் நூல் ஒன்றைப் படித்து, டர்பனுக்கு அருகே ஃபீனிக்ஸ் குடியிருப்பைத் தொடங்கினார். அச்சுக்கோப்பவர்க்கும் ஆசிரியர்க்கும் ஒரே ஊதியம். மாதம் மூன்று பவுன். அவ்வச்சகத்தில் வெளிவந்த ‘இந்தியன் ஒப்பீனியன்’ தொடக்கத்தில் தமிழ்ப் பகுதியையும் தாங்கி வந்தது. அமெரிக்காவின் தோரோ எழுதிய சட்டமறுப்புக் கட்டுரையையும் அவர் படித்துப் போற்றினார்.

அதனினும் நம் கருத்தைக் கவர்வது டால்ஸ்டாய் பண்ணை. சத்தியாக்கிரகப் போரில் சிறை சென்றோரின் குடும்பங்கள் திக்கற்று நின்றன. நாள்தோறும் உதவித்தொகை கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. அந்நிலையில் யூத மரபினராகிய கட்டடக் கலைஞர் ஹெர்மன் காலன்பாக், ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தொலைவில் இருந்த தம் 1100 ஏக்கர் பண்ணையை 1910இல் வாடகையின்றி விட்டுக்கொடுத்தார். இந்துக்கள், முஸ்லிம்கள், பார்சிகள், கிறித்தவர்கள் அனைவரும் அங்குக் குடியேறினர். தமிழ், தெலுங்கு, குஜராத்தி, இந்தி ஆகிய மொழிகள் ஒரே முற்றத்தில் ஒலித்தன. வேலைக்காரர் இல்லை. சமையல் முதல் கழிவகற்றல் வரை எல்லாம் அவரவர் கைவேலை. தம்பி நாயுடு துப்புரவுக்கும் கடைத்தெருக் கொள்முதலுக்கும் பொறுப்பேற்றார். சொந்த வேலையாக நகருக்குச் செல்வோர் நடந்தே செல்ல வேண்டும் என்பது விதி. இரவு இரண்டு மணிக்கே புறப்படுவார்கள். கையில் வீட்டு மாவில் சுட்ட ரொட்டியும், அரைத்த நிலக்கடலையும், ஆரஞ்சுத் தோலில் காய்ச்சிய பாகும் இருக்கும். காலன்பாக் ஒரு கிறித்தவ மடத்துக்குச் சென்று செருப்புத் தைக்கக் கற்றுவந்து மற்றவர்க்குக் கற்பித்தார்.

உணவு பற்றிய சிக்கல் எழாமல் இல்லை. இறைச்சி உண்ணும் வழக்கமுடைய முஸ்லிம், கிறித்தவக் குடும்பங்களும் அங்கு இருந்தன. அவர்கள் விரும்பினால் மறுப்பதில்லை என்று காந்தியடிகள் முதலிலேயே உறுதி செய்துகொண்டார். அதன்பின் தம் கருத்தை அப்பெண்மணிகள் முன் வைத்தார். கணவன்மார் சிறையில் இருக்கும் நிலையில், ஒரே மரக்கறி அடுக்களை போதும் என்று அவர்களே இசைந்தனர். கட்டளையிட்டிருந்தால் அந்த இசைவு கிடைத்திருக்குமா என்பது ஐயமே. ரமலான் மாதம் வந்தது. முஸ்லிம் இளைஞர் நோன்பு நோற்றனர். இந்து, பார்சி இளைஞரும் உடன் நோற்றனர். தண்ணீர் அருந்துவதில் மட்டும் பின்னவர்க்கு விலக்கு உண்டு. அவர்கள் கதிரவன் மறையுமுன் உண்டு முடித்து, நோன்பு திறக்கும் தோழர்க்குச் சுவையான பண்டங்கள் சமைத்துப் பரிமாறினார்கள். நம் ஊர்களில் நோன்புக் கஞ்சியை அண்டை வீட்டாரோடு பகிர்ந்து பழகிய நமக்கு இக்காட்சியை விளக்க வேண்டியதில்லை.

தமிழ்த்துறை மாணவர் அறிந்துகொள்ள வேண்டிய செய்தியும் ஒன்று உண்டு. பண்ணையிலிருந்த தமிழ்ச் சிறார் தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்தவர்கள். தமிழ் எழுத்தை அறியாதவர்கள். அவர்களுக்கு எழுத்தும் தொடக்க இலக்கணமும் கற்பித்தவர் காந்தியடிகளே. போப் ஐயரின் கையேட்டைக் கொண்டு சிறையில் தாம் பயின்ற சிறிதளவு தமிழே அவருடைய முதலீடு. பேச்சில் மாணவரே ஆசிரியரை வென்றனர். ஆங்கிலம் அறியாத தமிழர் காண வந்தால் அச்சிறாரே மொழிபெயர்த்து உதவினர். 1913இன் தொடக்கத்தில் காந்தியடிகள் ஃபீனிக்ஸுக்கே திரும்பியதும் பண்ணை ஓய்ந்தது. மூன்றாண்டுகூட நிறையவில்லை. எனினும் அதனைத் தோல்வி என்று கூற நம் மனம் ஒப்பவில்லை. சிறை சென்றோரின் பிள்ளைகளைக் காப்பதற்கு எழுந்தது, காத்து முடித்தது.

நம் பகுதிக்கு வருவோம். கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமாகும் வரை விழுப்புரம் மாவட்டத்தில் அடங்கியிருந்தது. அதற்கு முன் பழைய தென்னார்க்காடு. அத்தென்னார்க்காட்டு மண்ணில் இரு முயற்சிகள் எழுந்தன. ஒன்று வடலூர். பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த நிலத்தில் இராமலிங்க அடிகளார் 1867 மே 23 அன்று சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார்கள். சாதி சமயம் வினவாமல் பசித்தவர்க்கெல்லாம் உணவு என்பதே அதன் முறை. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. ஊர் கட்டும் திட்டம் ஏதுமின்றி ஓர் அடுப்பை மட்டும் மூட்டியது ஒன்றரை நூற்றாண்டைக் கடந்து நிற்கிறது.

மற்றொன்று வானூர் வட்டத்து ஆரோவில். பாரிஸில் பிறந்து புதுச்சேரி ஆசிரமத்தில் ‘அன்னை’ எனப்பட்ட மிர்ரா அல்ஃபாசா, எல்லா நாட்டாரும் ஒன்றுகூடி வாழும் நகரமாக 1968 பிப்ரவரி 28 அன்று அதனைத் தொடங்கிவைத்தார். 124 நாடுகளின் மண் ஒரு தாழியில் இடப்பட்டது. பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ரோஜர் ஆஞ்சே 50,000 பேருக்கான வரைபடம் வகுத்தார். நிலமோ மழைநீர் அரித்துப் பள்ளங்கள் விழுந்த செம்மண் மேடு. இரும்பைக் கோயிலைச் சார்ந்த கடுவெளிச் சித்தரின் சாபத்தால் அம்மண் வறண்டது என்று அவ்வூரார் வழிவழியாகக் கதை கூறுவர். வந்து குடியேறியோர் முதலில் செய்த வேலை கரை போட்டு மழைநீரைத் தேக்கியதும் மரம் நட்டதுமே. இன்று அங்கு நிற்கும் காடு அவ்வுழைப்பின் பயன். அதில் சுற்றுப்புறத் தமிழ் ஊரார் கைகளும் உண்டு.

1973இல் அன்னை மறைந்தார். நிதியும் நிருவாகமும் யார் கையில் என்ற வழக்கு எழுந்தது. 1980இல் நடுவண் அரசு தலையிட்டது. அத்தலையீடு செல்லும் என்றும், அரவிந்தரின் போதனை தனிச் சமயம் ஆகாது என்றும் 1982இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1988இல் ஆரோவில் அறக்கட்டளைச் சட்டம் பிறந்தது. ‘மாத்ரிமந்திர்’ என்னும் பொன்னிறக் கோளம் 2008இல் நிறைவெய்தியது. ஐம்பதாயிரம் பேர்க்கு வரைந்த நகரில் இன்று வாழ்வோர் சில ஆயிரவரே. 2021 டிசம்பரில், பழைய வரைபடத்தின்படி வட்டச் சாலை அமைக்க மரங்கள் வீழ்த்தப்பட்டன, குடியிருப்போர் இரண்டுபட்டனர். 2022இல் பசுமைத் தீர்ப்பாயம் இட்ட தடையாணையை 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் நீக்கியது. வரைபடத்தில் வட்டம் முதலில் வந்தது. மண்ணில் மரம் முதலில் வந்தது. எதற்கு முதலிடம் என்பதே அங்குள்ள பூசலின் வேர்.

நம்மை நெருடும் வினா வேறு. குயிலாப்பாளையம், எடையஞ்சாவடி, ஆலங்குப்பம், கோட்டக்கரை ஆகிய ஊர்கள் ஆரோவில் தோன்றுமுன்பே அங்கு இருந்தவை. அவ்வூர்களில் பிறந்தோர் சிலர் ஆரோவில்வாசிகளாகவே ஆயினர். ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் கூலிக்கும் சம்பளத்துக்கும் சென்று திரும்புகின்றனர். பணமே புழங்காத வாழ்வை விரும்பிய நகரம், தன் வேலைகளுக்கு மாலையில் கூலி எண்ணிக் கொடுக்கிறது. இதனைக் குற்றமாகக் கூறவில்லை. அக்கூலியால் பல வீடுகளில் பிள்ளைகள் படித்தார்கள். ஆனால் ஓவன் காலத்திலிருந்தே கூட்டுவாழ்வைப் பற்றி எழுதுவோர் உள்ளே இருப்போரை எண்ணிய அளவு வேலிக்கு வெளியே இருப்போரை எண்ணவில்லை.

நம் கண்ணெதிரே நிற்கும் கல்வராயன் மலையையும் இவ்விடத்தில் நினைக்கிறோம். சாமையும் தினையும் விளையும் அம்மலையைக் காணச் செல்லும் சமவெளியார், சூதறியா மக்கள் பொதுவில் வாழும் பொன்னுலகம் என்று அதனைப் பாடிவிடுவது வழக்கம். கல்லூரி மலர்களிலும் அத்தகைய கவிதைகள் வந்ததுண்டு. உண்மையில் அம்மலை ஜாகீர்தார் மூவரின் கீழ் இருந்தது. நிலத்தை உழுதவர்க்கு உரிமை இல்லை. கூலியில்லா உழைப்பும் வரியும் உண்டு. 1976இல்தான் அரசு அதனை மேற்கொண்டது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயம் உயிர்களைக் கொள்ளை கொண்ட பின், கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. சாலை, பேருந்து, மருத்துவம், பள்ளி ஆகியவையே அவ்வழக்கில் பேசப்பட்ட பொருள்கள்.