முன்சென்று வழி காணுதல்

மலையேற விரும்பும் மாணாக்கர் பலர். அவர்க்கு முன்னே ஒருநாள் தனித்துச் சென்று வழி பார்த்து வருவோர் சிலரே. இருபதின்மர் கூடிப் புறப்படுங்கால், "வழியை அங்கே போய்க் கேட்டுக்கொள்ளலாம்" என்பது வழக்கமாய்க் கூறப்படும் சமாதானம். அச்சமாதானம் போதாதென்பதையும், முன்சென்று வழி காண்பவன் அறிய வேண்டுவன இவையென்பதையும் ஈண்டுச் சுருக்கமாய்க் கூறப் புகுகின்றேன்.

இவ்வேலைக்கு நம் நாட்டில் ஏற்ற காலம் மார்கழி. மதுரைச் சீமைக்குப் பெருமழை ஐப்பசி கார்த்திகை மாதங்களிற் பெய்து, மார்கழியில் ஓயத் தொடங்கும். சுனைகளில் நீர் நிற்கும், வெயில் தணிந்திருக்கும், புல் பசுமையாயிருக்கும். இம்மூன்றனுள் இறுதியிற் கூறியதே முதன்மையானது. என்னை? அப்புல்லே மாசி பங்குனியிற் காய்ந்து சருகாகித் தீக்கு இரையாகும். 2018-ஆம் ஆண்டு மார்ச்சு 11-ஆம் நாள் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் மூண்ட காட்டுத்தீயில், மலையேறச் சென்றோருள் இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அத்துயரத்தை மதுரையார் மறந்திலர். தீப்புண் பட்டோர் பலர் நம் நகரத்து அரசு மருத்துவமனைக்கே கொணரப்பட்டனர். ஏறும் வழியை மட்டும் கண்டு வருதல் போதாது. இடர் வந்துழி எப்பக்கம் இறங்கலாம் என்பதையும் கண்டு வருதல் வேண்டும் என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டா.

நிற்க. சென்ற மார்கழியில், தை மாதத்தில் மாணாக்கரோடு செல்லுதற்கென நாகமலையில் ஒரு வழி பார்க்க யான் தனியே புறப்பட்டேன். நாகமலை மதுரைக்கு மேற்கே நீண்டு கிடக்கும் குறுகிய மலைத்தொடர். உயரத்தால் அச்சந் தருவதன்று. எவ்வழியே ஏறுகின்றேன், எப்பொழுது திரும்புவேன் என்பவற்றை ஒரு தாளில் எழுதி விடுதியில் நண்பர் ஒருவரிடம் கொடுத்திருந்தேன். தனித்துச் செல்பவனுக்கு இத்தாளே துணை.

ஏறுதலில் யாதொரு வருத்தமுமில்லை. மழையில் வளர்ந்த புல் ஒற்றையடிப் பாதையைப் பல இடங்களில் மூடியிருந்தது. காரையும் உடையும் கையைக் கீறின. பனி படிந்த பாறை காலையில் வழுக்கிற்று. உச்சியை அடைந்து உணவுண்டு, பிற்பகல் மூன்று மணி அளவில் இறங்கலானேன். அங்கேதான் பிழை நேர்ந்தது. காலையில் ஓரிடத்தில் இரண்டு தடங்கள் கூடியதை யான் கவனித்திலேன். ஏறுவோன் கண்ணுக்கு அவை ஒன்றாய்த் தோன்றும், இறங்குவோனுக்கோ இரண்டாய்ப் பிரியும். ஐயுற்று நின்ற யான், "மதுரை கிழக்கே உள்ளது, மாலைச் சூரியனை முதுகிற் கொண்டு நடந்தால் கிழக்கே செல்வேன்" என்று துணிந்து இடப்பக்கத் தடத்திற் சென்றேன்.

அத்துணிபு தவறானது. மார்கழியிற் சூரியன் நேர் மேற்கே மறைவதில்லை. நேர் மேற்கினின்று ஏறக்குறைய 24 பாகை தெற்கே விலகி மறைகின்றது. பிற்பகல் மூன்று மணிக்கு அவ்விலக்கம் இன்னும் மிகுதி. ஆகலின் சூரியனை நேர்முதுகிற் கொண்டவன் கிழக்கே செல்லான், வடகிழக்கே செல்வான். யானும் அவ்வாறே சென்று ஓர் ஓடைப் பள்ளத்துட் புகுந்தேன். பள்ளம் வரவரக் குறுகிற்று. முடிவில் இரண்டாள் உயரமுள்ள வழுக்குப் பாறையின் விளிம்பில் வந்து நின்றேன். குதித்தால் இறங்கலாம் என்று தோன்றிற்று. கால் பிசகினால், அங்கே என் குரலைக் கேட்பார் இல்லை.

அப்பொழுது எதிர்ச்சரிவில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவள் ஒருத்தி என்னைக் கண்டு கூவினாள்: "தம்பி, அது தண்ணி போற பாதை, ஆளு போற பாதை இல்லை. வந்த வழியே ஏறு!" யான் திரும்பி ஏறினேன். பிரிவிடத்தை மீண்டும் அடைய முக்கால் மணி நேரம் ஆயிற்று. அடிவாரம் சேர்ந்தபொழுது இருட்டிவிட்டது. அன்று என்னோடு இருபது மாணாக்கர் வந்திருப்பின், இருபதின்மரும் அப்பள்ளத்துள் என் பின்னே இறங்கியிருப்பர் என்னும் எண்ணம் அவ்விரவு என்னை உறங்கவொட்டவில்லை.

இதனால் யான் கற்றவை நான்கு.

முதலாவது, பிரிவிடந்தோறும் நின்று, திரும்பிப் பார்த்தல். வந்த வழி எவ்வாறு தோன்றுகின்றதோ அதுவே இறங்குங்கால் எதிர்ப்படும் தோற்றம். மரம், பாறை, வளைவு ஆகியவற்றை அங்கேயே குறித்துக்கொள்ளுக.

இரண்டாவது, திரும்பும் நேரத்தை அடிவாரத்திலேயே அறுதியிடுதல். 1892-இல் ஸ்காத்லாந்து தேசத்து வில்லியம் நேஸ்மித் என்பார் ஒரு கணக்கு வகுத்தார்: 5 கிலோமீட்டர் நடைக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு மற்றுமொரு மணி. இது பழகிய ஒருவனுக்குரியது. புதியவர் நிறைந்த கூட்டத்துக்குப் பாதி மிகுதியாய்க் கொள்க. மார்கழிக் கடைசியில் மதுரையில் ஆறரை மணிக்கு விடிந்து, ஆறு மணி கடந்த சில நிமிடங்களிற் பொழுது சாய்கின்றது. ஒரு மணி நேரத்தை இடருக்கென ஒதுக்கி, எஞ்சியதைப் பங்கிடின், நண்பகலில் எங்கே நிற்கினும் திரும்புதலே முறை.

மூன்றாவது, படத்தையும் திசையையும் ஒருங்கே நோக்குதல். நிலவளவைப் படத்திற் சமவுயரக் கோடுகள் நெருங்கிய இடம் செங்குத்தானது. அகன்ற இடம் சாய்வானது. கைப்பேசி நிற்கும் இடத்தைக் காட்டும். முள்ளையும் வழுக்கலையும் காட்டாது. காந்த ஊசியுள்ள சிறு கருவி ஒன்று பையில் இருத்தல் நலம்.

நான்காவது, கேட்டறிதல். வனத்துறையாரிடம் அனுமதி கேட்பது சட்டத்தின்பாற்பட்டது. மலையடி ஊராரிடம் வழி கேட்பது அறிவின்பாற்பட்டது. எச்சுனை தையிலும் வற்றாது, எப்பாறையிற் குளவிக்கூடு உளது என்பவை எப்படத்திலும் இல்லை.

இந்நான்காவதை நம் சீமையின் சரித்திரமும் வலியுறுத்தும். 1821-ஆம் ஆண்டில் லெப்டினன்ட் வார்டு என்னும் நிலவளவை அதிகாரி பழநி மலைமேல் ஏறிக் கோடைக்கானற் பகுதியை அளந்தார். 1834-இல் மதுரைச் சப் கலெக்டரும், சென்னை வருவாய் வாரிய உறுப்பினர் ஒருவரும் தேவதானப்பட்டிப் பக்கமாய் ஏறிச் செண்பகனூருக்கு அருகே சிறு வீடொன்று கட்டினர். 1845-இல், சமவெளி நோய்களால் நலிந்த மதுரை அமெரிக்க மிஷனார் அங்கே தங்குமனைகள் எழுப்பினர். இவர்களையே வழி கண்டோர் என்று நூல்கள் கூறும். ஆயின் வார்டு ஏறியது வெள்ளகவி என்னும் குன்னுவர் சிற்றூரிலிருந்து அன்றோ? அவர் வருமுன்னரே அங்கே ஊர் இருந்தது. ஊர் இருந்தமையால் வழியும் இருந்தது. அவ்வழியைக் காலால் வகுத்தோர் பெயர் எந்நூலிலும் இல்லை.

ஆகவே, முன்சென்று வழி காண்பவன் புதுவழி கண்டேன் எனப் பெருமை கொள்ளற்க. உச்சியை அடைதலும் அவன் கடமையன்று. தெரிந்தாரிடம் கேட்டு, தெரியாதவரை அழைத்துச் சென்று, எண்ணிக்கை குறையாமல் மீட்டுக் கொணர்தலே அவன் கடமை. தை மாதத்தில் நாங்கள் இருபத்தொருவர் நாகமலை ஏறினோம். அப்பிரிவிடத்தில் யான் நின்று ஒவ்வொருவரையும் எண்ணி அனுப்பினேன். இருபத்தொருவரும் பொழுது சாயுமுன் அடிவாரம் வந்து சேர்ந்தோம்.