போராட்டக் களத்தில் பிறந்த எழுத்து: கே. டானியல்

(வானொலி இலக்கியத் தொடரில் இடம்பெற்ற உரை)



புரட்சியாளராகவும் எழுத்தாளராகவும் வாழ்ந்தவர் என்றதும் நம் நினைவுக்கு வருபவர் ரஷ்யாவின் மக்சிம் கோர்க்கி. ரொட்டிக் கடையில் உழைத்து, சிறை கண்டு, 1906இல் 'தாய்' நாவலைத் தந்தவர். 1902இல் சோர்மொவோ தொழிலாளர் நடத்திய மேதின ஊர்வலமே அந்நாவலின் அடித்தளம். ஈழத்தில் இத்தகைய வாழ்வுக்கு உதாரணம் தேடினால் கே. டானியல் அவர்களே முன்னிற்கிறார்.

யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில் ஒடுக்கப்பட்ட குடும்பமொன்றில் பிறந்த டானியல், அதிகம் படிக்க வாய்ப்புப் பெற்றவரல்லர். கராஜ் தொழில் செய்து பிழைத்தவர். கம்யூனிஸ்ட் கட்சி 1964இல் பிளவுபட்டபோது, நா. சண்முகதாசனுடன் சீனச் சார்பு அணியில் நின்றார்.

அன்றைய யாழ்ப்பாணத்தில் தேநீர்க் கடைக்குள் இருந்து குடிக்கவோ, பொதுக் கிணற்றில் நீர் அள்ளவோ, கோயிலுள் நுழைந்து கும்பிடவோ பஞ்சமர் எனப்பட்டோருக்கு உரிமையில்லை. 1957இலேயே இதற்கெதிரான சட்டம் வந்துவிட்டது. ஊர் வழக்கமோ மாறவில்லை. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலம் இந்த நிலைக்கு அறைகூவல் விடுத்தது. 1967இல் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் உருவாயிற்று. அதன் அமைப்பாளர்களுள் முதன்மையானவர் டானியல். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டத்தை நாடே பார்த்தது.

1972இல் வெளிவந்த 'பஞ்சமர்' இந்த அனுபவத்தின் விளைவாகும். 'கோவிந்தன்', 'அடிமைகள்', 'தண்ணீர்' முதலிய நாவல்களும் அதே வழியில் அமைந்தன. சாதிக் கொடுமையிலிருந்து தப்ப எண்ணிக் கிறிஸ்தவம் தழுவியவர்களையும் சாதி விடவில்லை என்பதைக் 'கானல்' காட்டுகிறது. கிறிஸ்தவரான டானியல் தம் சமயத்தவர்க்கும் சலுகை காட்டவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

இவை பிரசாரம், கலையன்று என்போர் உளர். இயக்கத்தின் குரல் சில இடங்களில் ஓங்கியே ஒலிக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் அம்மக்களின் பேச்சையும் தொழிலையும் உறவுமுறைகளையும் இவ்வளவு விரிவாகப் பதிந்தவர் அவருக்கு முன் யார்? எழுத்துத் துறையில் இடமே பெறாதிருந்த மனிதர் கதையின் நடுவே வந்து நிற்பதும் கலையின் சாதனைதான்.

"இதெல்லாம் பழைய கதை, சேர்" என்று வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பிள்ளைகள் வகுப்பில் சொல்வதுண்டு. அடுக்குமாடியில் பொதுக் கிணறு இல்லை. தேநீர்க் கடையில் எவரும் ஊர் கேட்பதுமில்லை. ஆயினும் கலியாணப் பேச்சு எழுந்ததும், "ஊரில் எந்தப் பக்கம்?" என்ற கேள்வி வந்துவிடுகிறதே! கேட்பவருக்கு வேண்டியது ஊரன்று என்பதை நாம் அறிவோம். இந்து மாணவருக்குத் தமிழ் கற்பிப்பவன் என்ற முறையில், தேவாரத்தோடு 'பஞ்சமர்' நாவலையும் அவர்கள் படிக்கவேண்டும் என்பேன். கோயில் வாசலில் யார் தடுக்கப்பட்டார்கள் என்பதும் நமது சமய வரலாறுதானே.

டானியல் 1986 மார்ச் 23இல் தஞ்சாவூரில் காலமானார். அந்த மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவர் எழுப்பிய கேள்வியோ நம் வீடுகளில் இன்னும் பதிலின்றி நிற்கிறது.