உப்பும் இரத்த அழுத்தமும்

உயர் இரத்த அழுத்தம் ஆரவாரத்துடன் வருவதில்லை. காய்ச்சலோ வலியோ இன்றிப் பல ஆண்டுகள் உடலில் தங்கியிருந்து, பின்னர் பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ வெளிப்படுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு தழுவிய அளவில் நடைபெற்று 2023-இல் வெளியான ஆய்வின்படி, வயது வந்தோரில் 35.5 சதவீதத்தினர் இந்நோய்க்கு ஆளாகியுள்ளனர். புகையிலை, மது, உடலுழைப்பின்மை ஆகியவை இதற்கு வழிகோலுகின்றன என்பது பலரும் அறிந்ததே. எவரும் தீய பழக்கமாகக் கருதாத உப்பும் இவ்வரிசையில் சேர்கிறது.

உணவில் உப்பு மிகும்போது, அதிலுள்ள சோடியத்தைச் சிறுநீரகம் உடனுக்குடன் வெளியேற்ற இயலுவதில்லை. தேங்கும் சோடியம் நீரைத் தன்னுடன் இருத்திக்கொள்கிறது; இரத்தத்தின் கன அளவு பெருகுகிறது. இந்நிலை நீடித்தால் இரத்தக் குழாய்களின் சுவர்கள் தடித்து இறுகுகின்றன. சிறுநீரகத்தின் நுண்ணிய குழாய்களும் இதற்கு விலக்கல்ல; அவை பழுதுபட, சோடியத்தை வெளியேற்றும் ஆற்றல் மேலும் குன்றுகிறது.

நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதுமென்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இது ஒரு தேக்கரண்டி அளவுக்கும் சற்றுக் குறைவு. நம் மக்கள் இதனைவிட மிகுதியாகவே உண்கின்றனர். மேலை நாடுகளில் பெரும்பகுதி உப்பு தொழிற்சாலைகளில் பதப்படுத்தப்பட்ட உணவின் வழியே சேருகிறது. இங்கோ சமையலறையிலேயே சேருகிறது; ஊறுகாய், அப்பளம், கருவாடு வேறு. ஆகவே சட்டத்தால் மட்டும் இதனைக் குறைத்துவிட முடியாது. வெயிலில் உழைப்பவருக்கு உப்பு மிகுதியாக வேண்டுமென்ற நம்பிக்கையும் ஓரளவே உண்மை. வெயிலுக்குப் பழகிய உடல், வியர்வையில் வெளியேறும் உப்பைத் தானே குறைத்துக்கொள்கிறது.

உப்பைக் குறைக்கச் சொன்னால் அயோடினும் குறையுமே என்ற ஐயம் நியாயமானது. 1956-இல் காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் தொடங்கிய ஆய்வு, அயோடின் கலந்த உப்பினால் கழுத்துக் கழலை நோய் குறைவதை மெய்ப்பித்தது. 1962-இல் தேசியத் திட்டமும் வந்தது. இப்பயனை இழக்க வேண்டியதில்லை. மக்கள் உண்ணும் உப்பு குறையக் குறைய, அதில் கலக்கும் அயோடினின் அளவைச் சற்று உயர்த்தினால் போதும்.

சோடியத்தின் ஒரு பகுதிக்கு மாற்றாகப் பொட்டாசியம் சேர்த்த உப்பு மற்றொரு வழி. சீனாவில் 600 கிராமங்களில் ஏறத்தாழ ஐந்தாண்டுகள் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், இவ்வுப்பைப் பயன்படுத்தியோரிடையே பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. நம் நாட்டிலும் இது கிடைக்கிறது. ஆனால் சாதாரண உப்பைவிட விலை கூடுதல். சிறுநீரக நோயுள்ளவர்களுக்குப் பொட்டாசியம் தீங்கு விளைவிக்கக்கூடுமாதலால், அவர்கள் மருத்துவரைக் கேளாமல் இதனைப் பயன்படுத்தலாகாது.