கேள்வி ஞானம் மட்டும் போதுமா?

பார்வையற்ற பிள்ளை ஒன்று நன்றாகப் பாடினால், “கண்ணுக்குப் பதிலாகக் காதைக் கொடுத்துவிட்டான் கடவுள்” என்று யாராவது சொல்லிவிடுவார்கள். பாராட்டுதான். ஆனால், இவ்வளவு நல்ல காது இருக்கும்போது இசையைப் படிக்க வேறு தெரிய வேண்டுமா என்ற அலட்சியமும் அதில் சேர்ந்தே வருகிறது.

கர்நாடக இசையில் படிக்கத் தெரியாதது பெரிய குறையாகத் தோன்றாது. குரு பாடுவார், சீடர் திருப்பிப் பாடுவார், பாடமே அப்படித்தான். பார்வையற்றவரான கும்பகோணம் சரப சாஸ்திரிதான் புல்லாங்குழலைத் தனிக் கச்சேரி வாத்தியமாக நிலைநிறுத்தினார். ஆனால் பியானோவோ சேர்ந்திசையோ கற்கப் போகும் பதின்வயதினருக்கு நிலைமை வேறு. அங்கே பாடம் தாளில் இருக்கிறது.

ஒலிப்பதிவைக் கேட்டு வாசித்தால் ஆகாதா? ஆகும், ஓரளவுக்கு. பதிவில் இருப்பது ஒரு கலைஞர் வாசித்த விதம். எந்த நிதானம் இசையமைப்பாளர் எழுதியது, எது வாசித்தவர் சேர்த்தது என்று காது பிரித்துச் சொல்லாது. பல ஸ்வரங்கள் ஒன்றாக ஒலிக்கும் கார்டில் நடு ஸ்வரம் எளிதில் நழுவிவிடும்.

பார்வையற்றவர் இசையைப் படிப்பதற்கான வழி புதிதல்ல. லூயி பிரெயில் 1829-ல் பாரிசில் விரலால் தடவிப் படிக்கும் தன் புள்ளி எழுத்து முறையை வெளியிட்டபோதே, நூலின் தலைப்பில் சொற்களோடு இசையும் இருந்தது. அவரே தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர்.

பிரெயில் இசைக்குறிப்பில் ஐந்து கோடுகள் கிடையாது. எழுத்துக்குரிய அதே ஆறு புள்ளிகள்தான். மேலே உள்ள நான்கு புள்ளிகள் எந்த ஸ்வரம் என்று சொல்லும்; கீழே உள்ள இரண்டும் அது எவ்வளவு நேரம் நீடிக்கும் என்று சொல்லும். ஆங்கில ‘டி’ எழுத்தின் வடிவம் இங்கே ‘சி’ ஸ்வரம். அது அரை எண்ணிக்கை நீடிக்கும். கீழே வலப்புறம் ஒரு புள்ளி சேர்ந்தால் ஓர் எண்ணிக்கை, இடப்புறம் சேர்ந்தால் இரண்டு, இரண்டு புறமும் சேர்ந்தால் நான்கு. எந்த ஸ்தாயி என்பதற்குத் தனிக் குறி முன்னால் வரும். கார்டில் ஒரு ஸ்வரத்தை மட்டும் எழுதி, மற்றவை அதிலிருந்து எத்தனை படி தள்ளியிருக்கின்றன என்று குறிப்பார்கள்.

சிக்கல் எங்கே என்றால், படிப்பதும் விரல், வாசிப்பதும் விரல். பியானோ மாணவி இடக்கையால் தடவிப் படித்தபடி வலக்கைப் பகுதியை வாசித்துப் பார்ப்பாள். பிறகு கை மாற்றிக்கொள்வாள். இரண்டும் மனப்பாடம் ஆன பிறகுதான் இரு கைகளும் சேரும். மற்றவர்கள் தாளைப் பார்த்து உடனே வாசிப்பதை இவள் நாலைந்து பாராக (‘பார்’ என்பது இசைக்குறிப்பில் ஒரு தாள அளவு) பிரித்து மனதில் ஏற்ற வேண்டும். பாடகர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, தடவிக்கொண்டே பாடலாம்.

மூன்று வயதில் பார்வையை இழந்த ஸ்பெயின் இசையமைப்பாளர் ஹோவாக்கின் ரோட்ரிகோ, தன் படைப்புகளைப் பிரெயிலில்தான் எழுதினார். கிதார் கலைஞர்கள் இன்றும் விரும்பி வாசிக்கும் ‘கான்சியர்ட்டோ தெ அரான்ஹுவேஸ்’ 1939-ல் அப்படிப் பிறந்தது.

முறை இருந்தும் நூல்கள் குறைவு. இசைக்குறிப்பைப் பிரெயிலாக்க இரண்டும் தெரிந்த ஆள் வேண்டும். வேண்டிய பாடம் வகுப்பு தொடங்கும் நாளில் கையில் இருப்பது அரிது. பதிப்புரிமையும் நீண்ட காலம் குறுக்கே நின்றது. 2013-ல் உருவான மராக்கேஷ் உடன்படிக்கை, உரிமையாளரின் அனுமதி இல்லாமலே இத்தகைய பிரதிகளைத் தயாரிக்கவும் நாடுகளிடையே பரிமாறிக்கொள்ளவும் வழிசெய்தது. அதை முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா, ஆண்டு 2014. மியூஸ்ஸ்கோர் போன்ற இலவச இசைக்குறிப்பு மென்பொருள்கள் இப்போது திரை வாசிப்பானோடு இயங்குகின்றன. கணினியில் உள்ள இசைக்குறிப்பைப் பிரெயிலாகவும் காட்டுகின்றன. ஆனால் அந்தப் புள்ளிகளைப் படிக்கக் கற்றுத்தர ஓர் ஆசிரியர் வேண்டும். மென்பொருள் அந்த வேலையைச் செய்யாது.

சேர்ந்திசைப் பயிற்சியில் ஆசிரியர் “இருபதாவது பாரிலிருந்து” என்கிறார். எல்லோரும் பக்கத்தைப் புரட்டுகிறார்கள். கேட்டுக் கற்ற பிள்ளை, பாட்டு எங்கே தொடங்குகிறது என்று தெரிய அடுத்தவர் வாய் திறக்கும்வரை காத்திருக்கிறது. படிக்கத் தெரிந்த பிள்ளையின் விரல் அதற்குள் இருபதாவது பாரில் இருக்கும்.