தளம் அறியும் செல்கள்

உடலிலிருந்து பிரித்தெடுத்த செல்கள், ஊட்டக் கரைசலும் உரிய வெப்பமும் கிடைத்தால் வளர்ப்புக் கலத்தில் பெருகும். எனினும், பெரும்பாலான திசுச் செல்களுக்கு இவை மட்டும் போதா. ஒட்டிப் பரவ ஒரு தளமும் வேண்டும். அத்தளம் வழவழப்பானதா, சொரசொரப்பானதா என்பதும் அவற்றின் வளர்ச்சியை மாற்றுகிறது.

இவ்வுண்மையைத் தொடக்கக் காலத்திலேயே உணர்த்தியது சிலந்தி இழை. அமெரிக்க விலங்கியலாளர் ராஸ் ஹாரிசன், தவளைக் கருவின் செல்களைச் சிலந்தி இழைகளின்மீது வளர்த்தார். செல்கள் இழையைப் பற்றி நீண்டு, அதன் வழியே ஊர்ந்தன. 1914ஆம் ஆண்டில் அவர் இதனை விரிவாக வெளியிட்டார். உழவுசால் போன்ற நுண்பள்ளங்கள் செதுக்கிய தளத்திலும் செல்கள் அச்சாலின் திசையிலேயே நீள்வதைப் பின்வந்தோர் கண்டனர்.

கண்ணில்லாத செல் தளத்தை எவ்வாறு அறிகிறது? அதன் சவ்விலுள்ள இன்டெக்ரின் என்னும் புரதங்கள் தளத்தில் படிந்த பிற புரதங்களைப் பற்றுகின்றன. உட்புறத்தில் ஆக்டின் இழைகளோடு இணைகின்றன. பந்தற்கயிறுகளை முளைகளில் இழுத்துக் கட்டுவதை இதற்கு ஒப்பிடலாம். முளைகளின் இடம் மாறினால் பந்தலின் வடிவமும் மாறும். அவ்விழுவிசை உட்கருவரை எட்டி, எந்த மரபணுக்கள் செயற்படும் என்பதையும் மாற்றக்கூடும்.

2007ஆம் ஆண்டில் மேத்யூ டால்பி குழுவினர் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சிறந்த சான்று. 120 நானோமீட்டர் விட்டமும் 100 நானோமீட்டர் ஆழமும் கொண்ட குழிகளை நெகிழித் தளத்தில் அமைத்து, அதன்மீது மனிதக் குருத்தணுக்களை வளர்த்தனர். குழிகள் பிசகின்றி வரிசையாக அமைந்தபோது எலும்பாக்கம் அரிதாகவே நிகழ்ந்தது. குழிகள் வரிசையிலிருந்து சற்றே விலகியபோதோ, தூண்டும் வேதிப்பொருள் எதுவும் சேர்க்காமலே செல்கள் எலும்புச் செல்களாக மாறத் தொடங்கின. வேதிப்பொருளால் மட்டுமே இயலும் எனக் கருதப்பட்ட பணியை வெறும் குழிகள் செய்தது வியப்புக்குரியதே.

இவ்வறிவு நோயாளிக்கு நேரடியாகப் பயன்படுகிறது. தாடையில் பதிக்கும் டைட்டானியப் பல்வேர் எலும்போடு இறுகப் பிணையாவிடில் தளர்ந்துபோகும்; மீண்டும் அறுவை செய்ய நேரிடும். ஆகவே, அதன் மேற்பரப்பை மணல் வீச்சாலும் அமிலத்தாலும் சொரசொரப்பாக்குகின்றனர். ஆயினும், சொரசொரப்பு எங்கும் நன்மை தருவதன்று; பாக்டீரியாக்களும் அத்தகைய பரப்பில் எளிதில் தங்கும். எனவே, ஈறைத் தொடும் பகுதியைப் பெரும்பாலும் வழவழப்பாகவே விடுகின்றனர்.