நாற்பது கிலோமீட்டரும் ஒரு பாட்டில் மோரும்

“நாப்பது கிலோமீட்டரா? ஏம்மா, பஸ் ஓடாத ஊரிலயா இருக்கோம்?”

நானும் பக்கத்து வீட்டு மருமகளும் சைக்கிளிலேயே காரைக்கால் வரை ஒரு சுற்று போய் வரப் போகிறோம் என்றதும் என் மாமியார் கேட்ட கேள்வி இது. கேட்டாரே தவிர, தடுக்கவில்லை. புறப்படும் அன்று விடியற்காலையில் எழுந்து, இஞ்சியும் பெருங்காயமும் போட்டு மோர் கடைந்து, ஆளுக்கொரு பாட்டில் ஊற்றிக் கொடுத்தவரும் அவரேதான்!

தரங்கம்பாடியை ஒட்டிய பொறையார்தான் எங்கள் ஊர். எனக்குப் பிறந்த வீடு புதுக்கோட்டைப் பக்கம். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்ட ஆயிரக்கணக்கான பெண்களில் என் அம்மாவும் ஒருத்தி. வாடகை சைக்கிளில் அம்மா பழகி இறங்கியதும், மிச்ச நேரத்துக்கு நான் ஏறிப் பழகுவேன். கல்யாணமாகி இங்கே வந்த பிறகு சைக்கிளைத் தொடவே இல்லை. ‘ஓட்டாதே’ என்று யாரும் சொல்லவில்லை. ‘ஓட்டேன்’ என்றும் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

போன வருஷம் டாக்டர், “சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, உடம்பை அசைக்கணும்” என்றார். நடந்தால் முழங்கால் வலி. அப்போதுதான், பிளஸ் ஒன்னில் மகளுக்கு அரசாங்கம் கொடுத்த சைக்கிள் கண்ணில் பட்டது. அவள் கல்லூரி விடுதிக்குப் போனதிலிருந்து அது திண்ணையோரம் துருப்பிடித்துக் கிடந்தது.

முதல் வாரம் ஓட்டியும் முழங்கால் வலிக்கவே செய்தது. சைக்கிள் கடைக்காரர் பார்த்துவிட்டு, “சீட்டு ரொம்பத் தாழ இருக்கும்மா” என்று நாலு விரல்கடை உயர்த்திக் கொடுத்தார். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மட்டுமே மடங்கியிருக்க வேண்டுமாம். சீட் தாழ்ந்தால் பாரமெல்லாம் முட்டியில்தான் இறங்கும். உயர்த்திய பிறகு வலி குறைந்து போயிற்று, பாருங்களேன்! நாளைக்குக் கால் மணியில் தொடங்கி, மூன்று மாதத்தில் ஒரே மூச்சில் 15 கிலோமீட்டர் ஓட்டுமளவு வந்துவிட்டேன்.

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்து பதினான்கு மாதம். முன்பெல்லாம் வாய் ஓயாமல் பேசுவாள். பிரசவத்துக்குப் பிறகு கோயில், கல்யாணம் என்று எங்கே கூப்பிட்டாலும் ஒரு சாக்கு. “உடம்பு பெருத்துப் போச்சுக்கா, வெட்கமா இருக்கு” என்பாள். நான்தான் இழுத்துப் பிடித்து ஓட்ட வைத்தேன். சுகப்பிரசவமானால் ஆறு வாரப் பரிசோதனை முடிந்து டாக்டர் சரி என்றதும் மெல்லத் தொடங்கலாம். ஆபரேஷன் என்றால் இன்னும் பொறுத்து, டாக்டரைக் கேட்டே ஏற வேண்டும்.

பங்குனி ஞாயிற்றுக்கிழமை, காலை ஐந்தரை மணி. குழந்தைக்குப் பால் கொடுத்துப் பாட்டியிடம் விட்டுவிட்டுக் கிளம்பினோம். நண்டலாற்றுப் பாலம் தாண்டினால் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் காரைக்கால் பகுதி. பூவம், கோட்டுச்சேரி வரை நெடுஞ்சாலை. லாரி, பஸ் வரும் என்பதால் ஒருவர் பின் ஒருவராக இடது ஓரமாகவே போனோம். கோட்டுச்சேரியில் மேற்கே திரும்பி நெடுங்காடு போகும் சாலையைப் பிடித்ததும் இரைச்சல் அடங்கிவிட்டது. நெல் அறுத்த வயலெல்லாம் உளுந்தும் பயறும். பனி உலருமுன்பே பெண்கள் குனிந்து நெற்று பறித்துக் கொண்டிருந்தார்கள். “எங்கக்கா போறீங்க?” என்று ஒருத்தி கேட்டாள். “சும்மாதான்!” என்றேன். சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சும்மா ஓர் இடத்துக்குப் போய் எத்தனை வருஷமாயிற்று!

நெடுங்காட்டிலிருந்து தெற்கே திருநள்ளாறு. சனிக்கிழமையில் போனால் கூட்டத்தில் சைக்கிளைத் தள்ளக்கூட முடியாது. ஞாயிறென்பதால் நளன் தீர்த்தக் கரையில் நிம்மதியாக உட்கார்ந்து இட்லி சாப்பிட்டோம். நான் மோர் குடித்தேன். அவள் பாட்டிலைத் திறக்கவே இல்லை. “வேணாங்கா” என்றாள்.

அங்கிருந்து கிழக்கே ஐந்து கிலோமீட்டரில் காரைக்கால். 1954 வரை பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர். நமக்கோ அது அம்மையார் ஊர்! புனிதவதியாக இருந்து, பேயுருவம் வேண்டிப் பெற்று, கயிலாயம் வரை தலையாலேயே நடந்து போனவர். ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் ஊரே மாம்பழம் வாரி இறைக்கும். “அவங்க தலையால நடந்தாங்க, நமக்கு ரெண்டு சக்கரமாவது இருக்கே” என்றேன். அவள் சிரிக்கவில்லை. முகம் வாடி, உதடெல்லாம் காய்ந்திருந்தது.

அரசலாற்றங்கரையோரமாகவே போய், ஆறு கடலில் கலக்குமிடத்தில் சைக்கிளை நிறுத்தினோம். “தலை வலிக்குதுக்கா” என்றாள். எனக்குக் கோபமே வந்துவிட்டது. “இந்த வெயிலில் ஒரு வாய் மோர்கூடக் குடிக்காம வந்தா வலிக்காதா? என்ன பிடிவாதம் இது?”

கொஞ்ச நேரம் கடலையே பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். “குடிச்சா அடக்க முடியலைக்கா. இருமினா, சிரிச்சா, குழந்தையைத் தூக்கினா... துணி நனைஞ்சுடுது. பிரசவத்திலிருந்தே இப்படித்தான். அதான் எங்கேயும் வரதில்லை. அவர்கிட்டகூடச் சொல்லலை.”

எனக்குச் சுருக்கென்றது. ஏன் தெரியுமா, சகோதரிகளே? எனக்கும் இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு அதேதான். பன்னிரண்டு வருஷம் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, போன வருஷம்தான் ஒரு பெண் டாக்டரிடம் சொன்னேன். பயிற்சி செய்து எனக்கு வெகுவாகக் குறைந்தும்விட்டது. ஆனால் அதை நான் ஒருத்தியிடமாவது சொன்னேனா? இல்லை. பக்கத்துச் சுவருக்கு அந்தப் புறம் ஒருத்தி தவித்துக் கொண்டிருந்திருக்கிறாள்!

டாக்டர் எனக்குச் சொன்னதை அந்தக் கடற்கரையிலேயே அவளுக்குச் சொன்னேன். பிரசவத்தில் அடிவயிற்றைத் தாங்கும் இடுப்புத் தளத் தசைகள் தளர்ந்து போவதால்தான் இது வருகிறது. வெட்கப்பட எதுவுமில்லை. சிறுநீரையும் வாயுவையும் அடக்குவது போல அந்தத் தசைகளை உள்ளே இழுத்து, ஐந்து எண்ணும் வரை பிடித்து, பிறகு முழுசாகத் தளர்த்த வேண்டும். ஒரு வேளைக்குப் பத்து தடவை, நாளைக்கு மூன்று வேளை. மூச்சைப் பிடிக்கக் கூடாது. வயிறும் தொடையும் இறுகக் கூடாது. சிறுநீர் போகும்போது நடுவில் நிறுத்தி நிறுத்திப் பழகக் கூடாது. பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும். எதோ கீழே இறங்குவது போல பாரம், எரிச்சல், ரத்தம் இருந்தாலோ, பயிற்சி செய்தும் குறையாவிட்டாலோ டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

“தண்ணியைக் குறைச்சா மட்டும் நிக்காதுடி” என்றேன். “சிறுநீர் கெட்டிப்பட்டுப் பையை உறுத்தி இன்னும் அவசரப்படுத்தும். முதல்ல குடி. வழியில எங்கே ஒதுங்கணுமோ நான் பார்த்துக்கறேன்.” குடித்தாள். கோட்டுச்சேரியில் ஒரு வீட்டுக்காரம்மாவைக் கேட்டதும், ‘உள்ளே வாங்க’ என்று கதவைத் திறந்துவிட்டார். கேட்டால் கிடைக்கிறது. கேட்கத்தான் நமக்கு வாய் வருவதில்லை.

திரும்பும்போது காற்று எங்கள் பக்கம். இதற்கு முன் ஒருமுறை நான் தனியாக இதே சுற்றை மாற்றிப் போய், முற்பகலில் நெடுங்காட்டிலிருந்து கிழக்கே வந்தபோது கடல்காற்று முகத்தில் அறைந்து, பாதி தூரம் தள்ளிக் கொண்டே நடந்திருக்கிறேன். பங்குனியில் கடல்காற்று தென்கிழக்கிலிருந்து வரும். அதனால் காலையில் உள்நாட்டுச் சாலையை முடித்துவிட்டு, காரைக்காலிலிருந்து வடக்கே திரும்பினால் முதுகில் கை வைத்துத் தள்ளியது போல் வரலாம்.

நேரே வீட்டுக்குப் போக மனசு வரவில்லை. தரங்கம்பாடிக்குள் போய், 1718-இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தைத் தாண்டி, 1620-இல் டேனிஷ்காரர்கள் எழுப்பத் தொடங்கிய கோட்டைக்கு எதிரே அலையில் கால் நனைத்துவிட்டுத்தான் திரும்பினோம். அப்போது அவள் ஏதோ சொல்லிச் சிரித்தாள். சிரித்துவிட்டு, “பரவாயில்லைக்கா, மாத்துத் துணி வெச்சிருக்கேன்!” என்று மறுபடியும் சிரித்தாள்.

நீங்களும் கிளம்புவதானால் சில வார்த்தை. சேலையோ சுடிதாரோ, சங்கிலிக்கு மூடியும் பின்சக்கரத்துக்குச் சேலை வலையும் இருக்கட்டும். துப்பட்டாவை முடிந்து கொள்ளுங்கள். காற்று, பிரேக் இரண்டையும் முதல் நாளே பாருங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுபவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு, கையில் இனிப்பு வைத்துக் கொள்ளுங்கள். எடுத்ததும் நாற்பது வேண்டாம். வாரத்துக்கு 150 நிமிஷம் மூச்சு வாங்குமளவு உடம்பை அசைத்தால் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐந்து நாள் அரை மணி, அவ்வளவுதானே!

வீட்டுக்கு வந்ததும் மாமியார் இரண்டு பாட்டிலையும் வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தார். காலி. நடந்ததை அவரிடம் சொன்னேன். அந்தப் பெண் சம்மதித்த பிறகுதான் சொன்னேன். அடுப்பங்கரையில் சற்று நேரம் பேசாமல் நின்றார். எழுபத்திரண்டு வயது, நான்கு பிரசவம்.

பிறகு கதவை லேசாகச் சாத்திவிட்டுக் கேட்டார்.

“அந்தப் பயிற்சி எப்படின்னு எனக்கும் சொல்லு, பார்ப்போம்.”