ஊர் திரும்பிய ஃபிளானரி

அமெரிக்க எழுத்தாளர் ஃபிளானரி ஓ'கானர் கனெக்டிகட்டில் ரயில் ஏறியிருந்தார். 1950 டிசம்பர். கிறிஸ்துமஸுக்காக அம்மாவைப் பார்க்க, ஜார்ஜியா மாநிலத்தின் மில்லெட்ஜ்வில் என்ற சிற்றூருக்கு வந்துகொண்டிருந்தார். வயது 25. முதல் நாவல் இன்னும் கைப்பிரதிதான். தட்டச்சு செய்தால் கை கனக்கிறது என்று கிளம்புமுன்பே சொல்லியிருந்தார். ரயிலில் உடம்பு அடியோடு படுத்துவிட்டது. நிலையத்தில் காத்திருந்த மாமாவின் எதிரே வந்து நின்றவர், கிழவியைப் போல வாடிப்போயிருந்தார்.

உள்ளூர் மருத்துவர் மூட்டுவாதம் என்றார். அட்லாண்டாவில்தான் லூபஸ் என்று தெரிந்தது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய். ஃபிளானரிக்கு 15 வயதானபோது அப்பாவைக் கொண்டுபோனதும் இதுதான். அதனாலேயே அம்மா ரெஜினா நோயின் பெயரை மகளிடம் சொல்லவில்லை. 1952 கோடையில் தோழி ஒருவர் உண்மையை உடைத்தார். மறைத்த அம்மாவைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் ஃபிளானரிக்குள் இருந்த எழுத்தாளருக்கு நல்லது செய்தவர் அந்தத் தோழிதான்.

ஊருக்கு வடக்கே நான்கு மைலில் அண்டலூசியா. அம்மா நடத்திய பால் பண்ணை. மாடி ஏற முடியாததால் கீழறையே ஃபிளானரியின் படுக்கையறை, எழுதும் அறை எல்லாம். காலையில் மாதா கோயிலில் பூசை, பிறகு பகல் 12 மணி வரை எழுத்து. கண் வேறெங்கும் போகக் கூடாதென்று மேஜையை ஓர் அலமாரியின் முதுகைப் பார்த்துப் போட்டிருந்தார். தினம் மூன்று மணி நேரம். அதற்கு மேல் உடம்பு இடம் கொடுக்காது. மருந்து நோயை அடக்கி வைத்தது, இடுப்பெலும்பு மட்டும் வலுவிழந்துகொண்டே போனது. 1955 முதல் ஊன்றுகோல்களோடுதான் நடை.

மதியங்களில் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருப்பார். வேலையாட்களின் பேச்சு, அம்மாவின் அதட்டல், வந்துபோகிறவர்களின் வம்பு எல்லாம் காதில் விழும். பண்ணைக்குப் போலந்து அகதிக் குடும்பம் ஒன்று வேலைக்கு வந்தது. 'தி டிஸ்பிளேஸ்டு பர்சன்' கதை பிறந்தது. அவர் வளர்த்த மயில்கள் அம்மாவின் பூச்செடிகளைத் தின்று தீர்த்தன. அந்தக் கதையிலும் ஒரு மயில் உண்டு. அது தோகை விரித்ததும் கிழட்டுப் பாதிரியார் பேச வந்ததை மறந்து நின்றுவிடுவார். ஊர்ப் பெண்மணிகளுக்கு இந்தக் கதைகள் ரசிக்கவில்லை. நாலு பேருக்குப் பிடித்த மாதிரி எழுதக் கூடாதா என்று பெற்றவளுக்கே ஆதங்கம்.

ஒன்றை மறைக்கக் கூடாது. கறுப்பின மக்களைப் பற்றி அவர் கடிதங்களில் எழுதியவற்றில் சில, படிக்கவே கூசுபவை. 2020-ல் ஒரு பல்கலைக்கழகம் தன் விடுதிக் கட்டடத்திலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டது. கதைகளில் வெள்ளையரின் அகந்தையைத் தோலுரித்தவர், கடிதங்களில் அதே அகந்தையோடு பேசியிருக்கிறார். அவரைக் கொண்டாடுகிறவர்கள் இதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

1964 பிப்ரவரியில் கர்ப்பப்பைக் கட்டிக்கு அறுவை சிகிச்சை. அடங்கிக் கிடந்த லூபஸ் மறுபடி கிளம்பியது. மருத்துவமனையில் கதையைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்துக்கொண்டு எழுதினார். அந்த நாட்களில் முடித்தவற்றில் ஒன்று 'ஜட்ஜ்மென்ட் டே'. 1946-ல், மாணவியாக இருந்தபோது வெளியான முதல் கதை 'தி ஜெரேனியம்'. அதைத்தான் திருப்பி எழுதினார். இரண்டிலும் நியூயார்க்கில் மகள் வீட்டில் அடைபட்ட தெற்கத்திக் கிழவர். முதல் கதையில் அவர் எதிர்வீட்டு ஜன்னல் தொட்டிச்செடியைப் பார்த்துக்கொண்டு ஊரை நினைத்துப் புழுங்குகிறார். கடைசிக் கதையில், செத்துக் கிடந்தால் பிணத்தை ஜார்ஜியாவுக்கு அனுப்பிவிடுங்கள் என்று ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்.

ஆகஸ்ட் 3, நள்ளிரவு தாண்டிய வேளையில் சிறுநீரகம் செயலிழந்து ஃபிளானரி காலமானார். வயது 39. மறுநாள் மில்லெட்ஜ்வில்லில் அப்பாவுக்குப் பக்கத்தில் அடக்கம். ரெஜினா 1995 வரை இருந்தார்.

1971-ல் வந்த முழுத் தொகுப்பு 'தி ஜெரேனியம்' கதையில் தொடங்கி 'ஜட்ஜ்மென்ட் டே' கதையில் முடிகிறது. கையில் கிடைத்தால் நடுவில் இருப்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள்.